உன் கிழவனுக்கு நான் கொடுத்த பொய் நடை

பாப்பா,

இதை எழுதுவது அப்பாதான். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை. முதியோர் எழுத்து வகுப்பு டீச்சரும் திருத்தவில்லை. எழுத்து ஒன்று பெரிதாகவும் அடுத்தது சின்னதாகவும் இருந்தால் பொறுத்துக்கொள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப் பொழுது முழுவதும் போகிறது. கோப்பி ஆறிவிடுகிறது, உன் அம்மா சூடாக்கித் தருகிறாள், அதுவும் ஆறிவிடுகிறது. எழுபது வயதுவரை வாயால் மட்டுமே பேசி வாழ்ந்தவன் நான். வாயில் சொன்னது அப்போதே காற்றில் போய்விடும். நேற்று எழுதிய வரியோ இன்று காலையில் எழுந்து பார்த்தபோது அதே இடத்தில் இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். “என்ன, ஓடிப் போயிருக்கும்னு நெனச்சீங்களா?” என்று உன் அம்மா கேட்டாள். கொஞ்சம் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் இந்தச் சந்தோஷத்தைச் சொல்வதற்காக மட்டும் நான் பேனாவைப் பிடிக்கவில்லை. நீ செய்கிற கம்ப்யூட்டர் விளையாட்டில் வருகிற கிழவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமையோடு அவனை எடுத்துவிடப் போகிறார்கள் என்றாயே, அவனைப் பற்றி. அவன் சரியாக வராமல் போனது உன் குற்றம் இல்லை பாப்பா. அது என் குற்றம். அதை உனக்கு விளக்கிச் சொல்லத்தான் பதினோரு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். முடித்த பிறகு இதை எங்கள் வகுப்பிலும் படிக்கப் போகிறேன். அங்கே என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு கிழடுகள். பிள்ளைகளிடம் நான் சொன்ன பொய்யைத்தான் அவர்களும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ கூப்பிட்டாய். குரலே சரியில்லை. “பா, கிழவன் பகுதியைத் தூக்கச் சொல்றாங்க,” என்றாய். ஏன் என்று கேட்டேன். “விளையாடிப் பாக்குறவங்க எல்லாம் அவனுக்கு அறுபது வயசு ஆனதும் வெச்சிட்டுப் போயிடறாங்க பா. ஒருத்தர் எழுதியே குடுத்துட்டாரு, இது கிழவனே இல்ல, வாலிபனை ஸ்லோ மோஷன்ல நடக்க விட்டிருக்கீங்கன்னு. அம்பது வயசோட முடிச்சிடலாம்னு பாஸ் சொல்றாரு. மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள நான் வேற வழி காட்டலன்னா அவ்ளோதான்.” மூன்று வருஷமாக அந்தக் கிழவனுக்காகத்தான் நீ இந்த விளையாட்டையே செய்துவருகிறாய். அவனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மூட்டை தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு வாலிபன். அப்படிப்பட்டவர்கள் எல்லா விளையாட்டிலும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவும் தெரிந்தும் நான் உன்னிடம் கேட்டது, “சாப்பிட்டியா?” அதற்குப் பிறகு இரண்டு தடவை நானே உன்னைக் கூப்பிட்டேன். இரண்டு தடவையும் அதையேதான் கேட்டேன்.

மூன்றாவது தடவை போனை வைத்ததும் உன் அம்மா சமையலறையிலிருந்து வந்து நின்றாள். “பொண்ணு சாப்பிட்டுச்சின்னு இப்ப கிள்ளான் ஊர் முழுக்கத் தெரிஞ்சு போச்சு. சொல்ல வேண்டியத எப்ப சொல்லப் போறீங்க?” என்றாள். வாயில் வரவில்லை என்றேன். “வாயில வரலன்னா எழுதுங்க. அதுக்குத்தானே வாரம் ரெண்டு நாள் பைய மாட்டிக்கிட்டு வகுப்புக்குப் போறீங்க? நான் சொன்னா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும். ஆனா நான் சொல்ல மாட்டேன்.” அப்போதே போய் நோட்டை எடுத்தேன்.

வகுப்பில் உள்ளவர்களுக்கு உன் விளையாட்டைப் பற்றித் தெரியாது. அதனால் எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன், தப்பாக இருந்தால் சிரித்துக்கொள். ஒரு சின்ன டவுன். கடைத்தெரு, பின்சந்து, சாக்கடைத் தண்ணீர் ஓடும் பெரிய லோங்காங், மாடிப்படி. லோரியிலிருந்து மூட்டைகளை எடுத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒருவன். விளையாடுகிறவர்தான் அவனை நடத்த வேண்டும். தொடங்கும்போது அவனுக்கு இருபது வயது. இரண்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லோங்காங்கை ஒரே தாவலாகத் தாண்டுவான். ஒவ்வொரு மூட்டைக்கும் அவனுடைய நாட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். தலை நரைக்கும். தாவல் குறையும். இதை முதல்முதலில் எங்களிடம் சொன்ன அன்று நம் வீட்டு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். “எல்லா கேம்லயும் விளையாட விளையாட பலம் கூடும் பா. என் கேம்ல விளையாட விளையாட வயசு கூடும்.” நான், “அப்புறம் யாரு விளையாடுவா?” என்று கேட்டேன். நீ தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாய். “அதுதான் பா கஷ்டமே!”

அந்த மூட்டைக்காரன் யார் என்று நீ சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. முப்பத்தெட்டு வருஷம் நான் கெலிண்டானாக இருந்தவன். லோரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய், கடை கடையாகச் சரக்கு இறக்குகிறவனுக்கு அதுதான் பெயர். கிள்ளானில் ஏற்றினால் சுங்கை வே, பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் என்று இறக்கிக்கொண்டே போவோம். அரிசி, சீனி, கோதுமை மாவு. மணியம் அண்ணன் ஓட்டுவார், பேப்பரைப் படித்து எந்தக் கடைக்கு எத்தனை என்று சொல்வார், நான் இறக்குவேன். சந்துக்குள் லோரியைப் பின்னால் எடுக்கும்போது “கோஸ்தான்! கோஸ்தான்! இன்னும் வா, இன்னும் வா!” என்று கத்தி வழிகாட்டுவதும் நான்தான். அப்பாவின் வேலையை வைத்து ஒரு விளையாட்டுச் செய்ய யாருக்காவது தோன்றுமா? உனக்குத் தோன்றியது. அந்தப் பெருமையில்தான் நான் புத்தி கெட்டுப் போனேன்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, கிழவனின் நடையைப் பதிவு செய்ய உன்னோடு வேலை செய்கிற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நம் பிளாட்டுக்கு வந்தாயே, அந்த நாளைப் பற்றித்தான் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். நீ வரப்போகிறாய் என்று தெரிந்த வியாழக்கிழமையிலிருந்தே நான் தயாராகிக்கொண்டிருந்தேன். முட்டிக்கு எண்ணெய் போட்டு நீவினேன். மீசைக்கு மை பூசினேன். உன் அம்மா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே, “வயசானவன் நடை வேணும்னு பொண்ணு வருது. நீங்க மாப்பிள்ளைக் கோலத்துல நிக்கிறீங்க,” என்றாள். சனிக்கிழமை காலையில் கால்சட்டைக்குள் இரண்டு முட்டியிலும் பட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். வலி மாத்திரை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன். பிறகு நீங்கள் வந்து, கேமரா என் அசைவைப் பிடிப்பதற்காக வெள்ளைப் பொட்டுகள் வைத்த கறுப்புச் சட்டையை எனக்கு மாட்டிவிட்டு, பத்துக் கிலோ அரிசிப் பையைக் கையில் கொடுத்தீர்கள். “இயல்பா ஏறுங்க பா. தினம் எப்படி ஏறுவீங்களோ அப்படி,” என்றாய். ரொம்பத் தெளிவாகத்தான் சொன்னாய்.

நான் என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். அரிசியைத் தோளில் போட்டு, கைப்பிடியைத் தொடாமல், முதுகை நிமிர்த்தி, நாலு மாடியையும் நிற்காமல் ஏறினேன். அந்தச் சீனப் பெண் கேமராவுக்குப் பின்னாலிருந்து, “அங்கிள் ஸ்ட்ராங் லா!” என்று கைதட்டியது. அது கைதட்டியதும், யாரும் கேட்காமலே, நான் வேகமாக இறங்கியும் காட்டினேன். நீ மட்டும் ஒரு நிமிஷம் யோசனையாகப் பார்த்துவிட்டு, “பா, இவ்ளோ வேகமாவா ஏறுவீங்க?” என்று கேட்டாய். “தினமும் இப்படித்தான்,” என்றேன். நீ நம்பினாய். பதிவு செய்த நடையைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தால் கிழவன் வந்துவிடுவான் என்று அந்தத் தம்பி சொன்னதும் என் காதில் விழுந்தது. நீங்கள் புறப்பட்டுப் போன பிறகு, உங்களுக்குக் கையாட்டிவிட்டு மேலே ஏற முடியாமல், இரண்டாவது மாடியில் யாரோ வீட்டுச் செருப்புப் பெட்டியின் மேல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா கோப்பியை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. அன்று காலையில் நான் ஒரு பொருளை அவிழ்த்துக் கொண்டுபோய் அடுப்புக்குக் கீழே ஒளித்து வைத்தேன். ஒரு கயிறும் ஒரு கப்பியும். அந்த ஒரு நாளைத் தவிர, நான் அரிசியைத் தோளில் தூக்கி நாலு மாடி ஏறி நாலு வருஷம் ஆகிறது பாப்பா. நம் வாசலுக்கு வெளியே நடைவழிக் கம்பியில் அந்தக் கப்பியைக் கட்டி வைத்திருக்கிறேன். கீழே மூட்டையை முடிச்சுப் போட்டுவிட்டு, ஒன்றுமில்லாத கையோடு மெதுவாக மேலே ஏறி வருவேன். பிறகு நானும் உன் அம்மாவும் சேர்ந்து இழுப்போம். பழைய வழக்கத்தில் நான், “கோஸ்தான்! கோஸ்தான்!” என்பேன். “மேல வர்ற மூட்டைக்கு எதுக்கு கோஸ்தான்?” என்பாள் அவள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கயிற்றை விட்டுவிட்டதில், ஒரு தடவை கீழ்வீட்டுத் துணிக்கொடியில் வெங்காயம் கொட்டியது. நீ வரும்போதெல்லாம் அந்தக் கப்பியைக் கழற்றி வைத்துவிடுவேன். பார்த்தால், அப்பாவால் மூட்டை தூக்க முடியவில்லை என்று உனக்குத் தெரிந்துவிடும் அல்லவா.

தீபாவளிக்கு நீ வந்தபோது விளையாட்டை நம் டிவியில் போட்டுக் காட்டினாய். திரையில் ‘குதி’ என்று எழுதியிருந்தது. யாரும் சொல்லாமல் நானே படித்தேன். படித்துவிட்டுக் குதித்தேன். லோங்காங்கில் விழுந்தேன். மறுபடியும் ‘குதி’ என்றது, மறுபடியும் விழுந்தேன். விழுந்தது பெரிதாகத் தெரியவில்லை. படித்துவிட்டேனே என்று குதூகலமாக இருந்தது. “வாலிபனா இருந்தப்பயே அப்பா இப்படித்தான் விழுந்துக்கிட்டே இருப்பாரு,” என்று உன் அம்மா சொன்னாள். பிறகு நீ பொத்தானைத் தட்டிக் கிழவனைக் கொண்டுவந்தாய். “இது நீங்கதான் பா,” என்றாய். முகத்தில் அவ்வளவு பூரிப்பு. நான் பார்த்தேன். நிமிர்ந்த முதுகு. கைப்பிடியைத் தொடாத கை. தலை மட்டும் வெள்ளை. என் பொய் எழுந்து நடந்து போய்க்கொண்டிருந்தது. நான், “நல்லா இருக்கு பாப்பா,” என்றேன். உன் அம்மா எழுந்து முறுக்கு எடுக்கப் போய்விட்டாள்.

இப்படிப் பொய் சொல்வது எனக்குப் புதிது இல்லை. உனக்குப் பதினைந்து வயது இருக்கும்போது என் தோள் போய் மூன்று மாதம் வீட்டில் கிடந்தேனே, லோரிக் கதவு அடித்துவிட்டது என்றேனே, கதவு ஒன்றும் செய்யவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடை வாசலில் வேறு லோரிப் பையன்கள், “அண்ணே, உங்களுக்கெல்லாம் இனிமே எடை கம்மியான மாவு மூட்டைதான்,” என்று சிரித்தார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டு சீனி மூட்டையைச் சேர்த்துத் தூக்கினேன். பாதி வழியில் தோளுக்குள் ஏதோ துணி கிழிவது போல் கேட்டது. அந்த மூன்று மாதமும் உன் அம்மா கேன்டீன் வேலைக்குப் போனாள், நீ சமைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாய். வெட்கத்தில் பாவம் அந்தக் கதவின் மேல் பழியைப் போட்டேன். அதே மாதிரி, நீ விளையாட்டு செய்யப் படிக்கப் போகிறேன் என்றபோது பிளாட்டில் எல்லோரிடமும், ‘மகள் கம்ப்யூட்டர் ரிப்பேர் படிக்கிறாள்’ என்று சொல்லி வைத்தேன். நீ ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆளுக்கொரு கெட்டுப்போன கம்ப்யூட்டரோடு வாசலில் நின்றார்கள். ஒரு ஆன்டி ரைஸ் குக்கரையே தூக்கிக்கொண்டு வந்தது. நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திருப்புளி கேட்டாய். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. உன்னைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று நான் பயந்தேன். என்னைப் பற்றி யாரும் ஒன்றும் நினைத்துவிடக் கூடாது என்று நீ ரைஸ் குக்கரைப் பிரித்தாய். அதற்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

தோள் சரியாகி வேலைக்குத் திரும்பியதும் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன், இதுதான் உனக்குத் தேவைப்படும். மூட்டையைக் குனிந்து தூக்க என்னால் முடியாது. அதனால் லோரியில் சரக்கு அடுக்கும் முறையையே மாற்றினேன். எந்தக் கடை கடைசியோ அது உள்ளே, முதல் கடை வெளியே என்பது எல்லோரும் செய்வது. நான் அதோடு சீனியை என் தோள் உயரத்துக்கு விளிம்பில் வரும்படி அடுக்கினேன். லோரிக்கு முதுகைக் காட்டி நின்று, மூட்டையைக் கொஞ்சம் இழுத்தால் போதும், அதுவே வந்து தோளில் உட்காரும். சந்தின் முனையில் நிறுத்திவிட்டு நூறு அடி தூக்கி நடப்பதை விட்டுவிட்டு, கடையின் பின்கதவுவரை கோஸ்தான் சொல்லி லோரியையே கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு நாள் மணியம் அண்ணன் சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். “டேய், முன்னெல்லாம் நீ மூட்டைகிட்ட போவ. இப்ப மூட்டை உன்கிட்ட வருது. கிழவனாயிட்டியா?” என்றார். “விவரமாயிட்டேண்ணே,” என்றேன். “ரெண்டுல எதையாவது சொல்லிக்க. பன்னெண்டு மணிக்கு எல்லாக் கடையும் முடிஞ்சிருச்சு, வா சாப்பிடலாம்,” என்றார். வாலிபத்தில் ஒரு நாளும் நாங்கள் இரண்டு மணிக்கு முன்னால் முடித்ததில்லை.

இது புரிந்தால் உன் விளையாட்டில் என்ன தப்பு என்று புரிந்துவிடும் பாப்பா. இருபது வயதில் செய்த அதே வேலையை அறுபதிலும் அதே மாதிரி செய்யச் சொல்கிறாய், மெதுவாக மட்டும். யார் உட்கார்ந்து விளையாடுவார்கள்? நானாக இருந்தாலும் வைத்துவிட்டுப் போய்விடுவேன். உண்மையான கிழவன் அந்த வேலையை அப்படிச் செய்யவே மாட்டான். அவனை மூட்டை தூக்க விடாதே. தூக்காமல் எப்படிக் கொண்டுபோவது என்று யோசிக்க விடு. அவனுக்கு ஒரு கயிறு கொடு, ஒரு கப்பி கொடு. எதை எங்கே அடுக்குவது என்று அவனே முடிவு பண்ணட்டும்.

அப்புறம், நாங்கள் எல்லா இடத்திலும் மெதுவாக நடப்பதில்லை. புதுக் கடைத்தொகுதிக்கு என்னைக் கூட்டிப் போனால் நகரும் படியின் முன்னால் குழந்தை மாதிரி நிற்பேன். ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸ் பின்சந்தில் என்னோடு நடந்து பார். எந்தக் கல் ஆடும், எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும் என்று காலுக்கே தெரியும்; நீதான் பின்தங்குவாய். ஆகவே வேகத்தை வயதை மட்டும் வைத்துக் குறைக்காதே. வாலிபத்தில் அவன் எந்தெந்தத் தெருவில் அதிகம் நடந்தானோ அங்கே அவன் கிழவனான பிறகும் வேகமாகப் போகட்டும். ஒரு தடவைகூடப் போகாத தெருவில் தடுமாறட்டும். மேலும், தெருவில் இருக்கிற பொருள்கள் மாறிவிடும். இளவட்டமாக இருந்தபோது கடை முன்னால் இருக்கிற தூணை நான் பார்த்ததே இல்லை. இப்போது அது எனக்குக் கைப்பிடி. குட்டைச் சுவர் நாற்காலி. நிறுத்தி வைத்த காரின் முன்பக்கம் மூச்சு வாங்கும் இடம். மூச்சு வாங்குவது தெரியாமல் இருக்கப் போனை எடுத்துப் பார்ப்போம், அதையும் போடு. உன் டவுனில் சும்மா அழகுக்கு வரைந்து வைத்திருக்கிறாயே தூணும் சுவரும் செருப்புப் பெட்டியும், அறுபது வயதானதும் அவை எல்லாம் அவனுக்கு வேலைக்கு வரட்டும். பழகிய கடைக்காரர்கள் சிலர் பாதி வழிக்கு வந்து மூட்டையை வாங்கிக்கொள்வார்கள். சிலர் எவ்வளவு பழகியும் வர மாட்டார்கள். யார் வருவார்கள் என்று கடைசிவரை நமக்குத் தெரியாது. அதையும் அப்படியே விட்டுவிடு.

படியைப் பற்றி ஒன்று. உன் கிழவன் மெதுவாக ஏறி வேகமாக இறங்குகிறான். அது நான் அன்று காட்டிய வீம்பு. ஏறுவதற்கு மூச்சு போதும், நின்று நின்று ஏறிவிடலாம். இறங்குவதுதான் பாடு. முட்டி சொல்பேச்சு கேட்காது. கீழே உள்ள படி இருக்கிற இடத்தைவிடத் தூரத்தில் தெரியும். நான் பக்கவாட்டில் திரும்பி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, நண்டு மாதிரி இறங்குவேன். உனக்கு முன்னால் ஒரு நாளும் அப்படி இறங்கியதில்லை. நீ கிளம்பும்போது கீழே வரை வந்து வழியனுப்பாமல் மேலேயே நின்று கையாட்டுகிறேனே, டிவியில் செய்தி பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதற்குக் காரணம் செய்தி இல்லை.

இன்னும் ஒரு ஆசை உண்டு, முடிந்தால் செய். எல்லாம் போய்க்கொண்டே இருக்கிற வயது என்று நீ நினைத்துவிடாதே. போன மாதம் உன் ஆபீசைப் பார்க்க வந்தேன் அல்லவா? நான் வேலை செய்த அதே கடைத்தெரு. உன் ஆபீசுக்குக் கீழே இருக்கிற மளிகைக்கடையில் நான் முப்பது வருஷம் சரக்கு இறக்கியிருக்கிறேன். பச்சைக் கதவுக் கடை என்றுதான் எனக்கும் மணியம் அண்ணனுக்கும் பேச்சு. அன்று தலையைத் தூக்கி, எழுத்துக் கூட்டி, பலகையைப் படித்தேன். ஒரு அம்மாவின் பெயர். உள்ளே போய்க் கேட்டேன். “எங்க கொள்ளுப்பாட்டி பேருதான் அங்கிள். தாத்தா அவரோட அம்மா பேர வெச்சாரு,” என்றது அங்கே இருந்த பெண். அந்த முதலாளி தன் அம்மாவின் பெயரைத் தலைக்கு மேலே எழுதி வைத்திருந்தார். நான் அதன் அடியில் இத்தனை வருஷம் நடந்து போயிருக்கிறேன். அன்று அந்தத் தெரு முழுவதையும் படித்தேன் பாப்பா. இரண்டு மணி நேரம் ஆனது. உன் விளையாட்டில் அவன் இளைஞனாக இருக்கும்போது கடைப் பலகைகள் எல்லாம் வெறும் நிறமாக இருக்கட்டும். ஓடுகிறவனுக்கு அவ்வளவுதான் தெரியும். அவன் நடை தளர்ந்த பிறகு, தூணைப் பிடித்து நிற்கும்போது, ஒவ்வொன்றாக எழுத்து தெரியட்டும்.

இன்று புதன்கிழமை. சாயந்திரம் உன் அம்மா இந்தப் பக்கங்களைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். நாளைக்கு நான் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி வருகிறேன். பத்து மணிக்கு உன் ஆபீஸ் மாடிப்படியின் அடியில் நிற்பேன். இருபத்திரண்டு படி, போன தடவை எண்ணி வைத்தேன். மீசையில் மை இருக்காது. மாத்திரையும் பட்டையும் கிடையாது. பையில் ஐந்து கிலோ அரிசியும் கயிறும் கப்பியும் இருக்கும். அந்தப் பொட்டுச் சட்டையைத் தயாராக வை. கப்பியை உங்கள் பின்பக்கத்து ஜன்னல் கம்பியில் கட்டி, நான் மேலே வந்து சேர்ந்ததும் இரண்டு பேரும் இழுப்போம். உன் பாஸையும் பார்க்கச் சொல். வெள்ளிக்கிழமைக்குள் உன்னால் ஒரு புதுக் கிழவனைச் செய்து முடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நிஜக் கிழவன் ஒருவனை அவர் கண்ணால் பார்த்துவிட்டால், உனக்கு இன்னும் கொஞ்ச நாள் கொடுப்பார் என்று நினைக்கிறேன். கொடுக்காவிட்டாலும், நீ தப்பாகச் செய்யவில்லை என்பதாவது அவருக்குத் தெரியட்டும்.

நான் ஏறும்போது நடுவில் நிற்பேன். ஆறாவது படியில் ஒரு தடவை, பதினான்கில் ஒரு தடவை. பயந்து ஓடி வந்து கை கொடுத்துவிடாதே, படம் கெட்டுப் போகும். மேலேயே நின்று எடு. எல்லாம் முடிந்து நான் இறங்கும்போது மட்டும் கேமராவை அந்தச் சீனப் பெண்ணிடம் கொடுத்துவிடு. அதை நீ எடுக்க முடியாது. இறங்குவதற்கு எனக்கு உன் தோள் வேண்டும்.

அப்பா